பாதியில் நின்ற கிணற்றுக் கதை

எண்பதுகளில், நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில், ஊர்வலப் பாதைத் தகராறால் இந்துக்களும் முஸ்லிம்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் முஸ்லிம்கள்; சந்தை நாளிலும் எங்கள் துணிக்கடைக்கு ஆள் வரவில்லை.

அப்போதுதான் அந்த உடுக்கைக்காரர் வந்தார். ஊர் மறந்த பழங்கதைகளைத் தேடிப்பிடித்துப் பாடுகிறவர். நெடிய உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பாடும்போது கண்ணை மூடிக்கொள்வார். பஞ்சத்தில் சேர்ந்து கிணறு வெட்டிய இரண்டு நண்பர்களின் கதையைச் சந்தை நடுவே பாடினார். கயிறு அறுந்து ஒருவன் உள்ளே விழுந்ததும் உடுக்கை நின்றது.

"மீதிக் கதை துணிக்கடை பாய்கிட்டத்தான் இருக்குதுங்க. வாங்க, போய்க் கேக்கலாம்."

கூட்டம் மொத்தமும் எங்கள் கடைவாசலுக்கு வந்துவிட்டது. அந்தப் பாய் என் அப்பாதான்; நாங்கள் அத்தா என்போம். நோன்பு மாதத்தில் விடியுமுன் தப்ஸ் கொட்டைத் தட்டிப் பாடி ஊரை எழுப்புகிறவர். முதலில் திகைத்தார். பிறகு தப்ஸை எடுத்துப் பாடத் தொடங்கினார். அவர் பாட்டில், கிணற்றின் மேலே நின்றவன் தன் வேட்டியைக் கிழித்துக் கயிறாக்கி நண்பனைத் தூக்கிவிட்டான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"பாய், அந்த மாதிரிக் கெட்டி வேட்டி ஒண்ணு எடுங்க" என்றார் ஒரு விவசாயி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தாவும் சிரித்தார்.

கிளம்பும்போது உடுக்கைக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். "ஏனுங்க, எங்க அத்தாவுக்கு அந்தக் கதையே தெரியாதுங்க."

"எனக்கும் மீதி தெரியாது சாமி. அவனைத் தூக்கி உடுறாங்களான்னு பாக்கத்தான் நானும் உக்காந்திருந்தேன்."

அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தன் கதையின் முடிவை அவர் அத்தாவுக்கு விட்டுக்கொடுத்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.