ரிலீவர் வராத ஆட்டம்

எங்கள் அணியில் கோல் விட்டால் திட்டு கிடையாது. பயிற்சிக்குத் தாமதமாக வந்தாலும் கிடையாது. நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகர்ந்தால்தான் அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உன் ரிலீவர் வந்துட்டாளா? வரல இல்ல? அப்புறம் இன்னாத்துக்குடி இடத்தை உட்டுட்டு ஓடியாந்த?" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவாள். கால்பந்தில் ரிலீவர் என்று ஒரு ஆள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. கோல்கீப்பர், ஃபார்வர்டு, ரிலீவர் என்றுதான் நான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சொல் அத்தை வேலை செய்த கம்பெனியிலிருந்து மைதானத்துக்கு வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி செய்கிற கம்பெனி. மெஷின் வாளிகளைத் துப்பிக்கொண்டே இருக்கும். எடுக்க ஆளில்லை என்றால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அச்சு சிக்கிக்கொள்ளும். ஆகவே ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும், அடுத்த ஷிப்ட்டில் அதே மெஷினுக்கு வரவேண்டிய பெண் பக்கத்தில் வந்து நிற்கும்வரை யாரும் நகரக்கூடாது. அவள்தான் ரிலீவர். ஒருமுறை ரிலீவர் வராமல் அத்தை இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்றாள். வீங்கிய காலோடு நேராக மைதானத்துக்கு வந்து எங்களை ஓடவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு, "உக்காந்தா ஏந்திருக்க மாட்டேன், நீங்க ஓடுங்கடி" என்றாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. வடசென்னையில் பள்ளிக்கூடம் படித்தபோது பந்து ஆடியவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். ஆறு வருடமாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கேட்டில் காட்டும் பாஸைக்கூட மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். அந்த வருடம் பர்மனென்ட் செய்யப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். "கையெழுத்து மட்டும் ஆவட்டும் அண்ணி, ஒரு ரூம் ஊடு பாத்துக்கினு போயிடுறேன்" என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மா அதெல்லாம் வேண்டாம் என்றுதான் பதில் சொல்வாள். ஆனால் அப்போது பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்படும்.

மைதானம் என்று நான் பெருமையாகச் சொல்வது, மூடிப்போன ஒரு பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டல். முள்செடியை நாங்களே வெட்டினோம். சவுக்குக் கம்புகளை நட்டு கோல்போஸ்ட் ஆக்கினோம். பெண் பிள்ளைகள் பதினான்கு பேர், எல்லோருடைய வீட்டிலும் யாராவது ஒருவர் ஷிப்ட்டுக்குப் போகிறவர். அத்தையின் ஷிப்ட் எப்படி மாறுமோ எங்கள் பயிற்சியும் அப்படியே மாறும். ஒரு வாரம் விடிகாலை, ஒரு வாரம் சாயங்காலம். பையன்கள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எங்கள் சுடிதார் பேன்ட்டையும் ஓட்டத்தையும் கிண்டல் செய்வார்கள். அத்தை அவர்களை விரட்டவே மாட்டாள். "நல்லா சிரிங்கடா, சத்தத்துல ஆடிப் பழகட்டும்" என்பாள்.

கம்பெனியின் ஆண்டு விழா வந்தது. பையன்கள் அணிகளுக்குக் கோப்பை, மாலையில் இறுதி ஆட்டம். அதற்கு முன்னால் பெண்கள் ஆட்டம் ஒன்றும் வைக்கலாம் என்று அத்தை எச்.ஆர். அதிகாரியிடம் இரண்டு மாதம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினாள். பாதிக்கு இருபது நிமிடம், மொத்தம் நாற்பது. எதிரணி பொன்னேரியிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள். அவர்கள் காலில் உண்மையான பூட்ஸ் இருந்தது. எங்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட டீ-சர்ட் கொடுத்தார்கள். எனக்கு அது முட்டிவரை வந்தது. இருந்தாலும் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பில்தான் கம்பெனி மைதானத்தில் இறங்கினேன்.

அன்று காலை அத்தையைக் கூப்பிட்டு, ஆட்டம் பத்தே நிமிடம்தான், சிறப்பு விருந்தினர் போட்டோ எடுத்துக்கொண்டதும் நிறுத்திவிட வேண்டும் என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். அத்தை வாதாடிப் பார்த்திருக்கிறாள். பிடிக்கவில்லை என்றால் அதுவும் வேண்டாம் என்றாராம். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டாள்.

நான் கடைசி வரிசையில், வலது ஓரத்தில், அத்தைக்குப் பக்கமாக நின்றேன். யாரும் கோல் போடவில்லை. எங்களுக்கு அப்போதுதான் உடம்பு சூடேறிக்கொண்டிருந்தது. நடுவராக நின்ற கம்பெனிக்கார அண்ணன் திடீரென்று நீளமாக விசில் ஊதினார். மைக்கில் அதிகாரியின் குரல், பெண்களின் ஆட்டம் இனிதே நிறைவடைந்தது, அனைவரும் கைதட்டுங்கள் என்றது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே நடக்க ஆரம்பித்தார்கள். கோல்கீப்பர்கூட டீ-சர்ட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் போகவில்லை. அதற்கு வீரம் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உண்மையில் என் தலையில் ஓடியது ஒன்றே ஒன்று: என் இடத்துக்கு யாரும் வரவில்லை. சங்கு ஊதினாலும் ரிலீவர் வராமல் நகரக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, இப்போது போ என்றால் எப்படிப் போவது? பந்து என் காலடியில் கிடந்தது. வெளியே போய்க்கொண்டிருந்த எங்கள் ஃபார்வர்டு ஷாகிதாவைப் பார்த்து, "ரிலீவர் வரலடி! எங்க போற? ஆடு!" என்று கத்திப் பந்தை அவளிடம் உதைத்தேன்.

பந்து அவளிடம் போகவில்லை. பொன்னேரிக்காரி ஒருத்தி குறுக்கே புகுந்து எடுத்து, என்னைத் தாண்டி, ஆளில்லாத கோலில் உருட்டிவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். அவ்வளவுதான், எங்கள் பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏய், அது செல்லாது!" என்று பத்துப் பேரும் உள்ளே ஓடி வந்தார்கள். செல்லும் என்று அவர்களும் உள்ளே வந்தார்கள். முடிந்ததாக அறிவிக்கப்பட்ட ஆட்டத்தில் இருபத்திரண்டு பேரும் மறுபடி மைதானத்துக்குள் நின்றோம்.

அதிகாரி மைக்கை வைத்துவிட்டு வேகமாக அத்தையிடம் வந்தார். நான் நின்ற இடத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"இன்னாம்மா இது? கூப்பிடு புள்ளைங்கள."

"நாப்பது நிமிசம்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

"சீஃப் கெஸ்ட் உக்காந்துகினு இருக்காரு. உனக்கு இந்த வாரம் பர்மனென்ட் ஆர்டர் வர்ற நேரம், ஞாபகம் இருக்குல்ல?"

அத்தை என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். வெளியே வா என்று ஒரு விரலை அசைத்திருந்தால் போயிருப்பேன், என் ரிலீவரே அவள்தானே. அவள் விரலை அசைக்கவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தாள். "கோல் செல்லும்! சென்டர்ல வைங்கடி பந்தை!" என்று கத்திவிட்டு ஊதினாள். அந்த விசில் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நான் பெரியவளானேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த நேரம் பார்த்து முதல் ஷிப்ட் விட்டது. அத்தையோடு வாளி எடுக்கிற பெண்கள் டிபன் பையோடு வந்து கோடு நெடுக நின்றுவிட்டார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் மைக் எடுபடவில்லை. நடுவர் அண்ணன் கொஞ்ச நேரம் அதிகாரியைப் பார்த்தார், பிறகு பந்தின் பின்னால் ஓட ஆரம்பித்தார். கோப்பைக்கு ஆட வேண்டிய பையன்கள் ஓரமாக உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நாற்பது நிமிடமும் ஆடினோம். ஷாகிதா கால் விரலால் குத்தி ஒரு கோல் போட்டாள். பொன்னேரிக்காரிகள் இன்னொன்று போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றதற்கு அந்தக் கம்பெனிப் பெண்கள் எங்களைத் தூக்கிச் சுற்றியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"எதுக்குடி நீ மட்டும் நின்ன?" என்று அத்தை கேட்டாள்.

"ரிலீவர் வரலயே அத்தை."

அத்தை சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து, அடுத்த தடவை ஜெயிச்சுடலாம் அத்தை என்று தேற்றினேன்.

அந்த வாரம் பட்டியல் வந்தது. அத்தையின் பெயர் இல்லை. மாதக் கடைசியில் கேட் பாஸும் புதுப்பிக்கப்படவில்லை. அன்று சாயங்காலம் அப்பா போட்ட சத்தம் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது. "ஆறு வருசம்! பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டா உன் குடியா முழுவிப்போவும்? யாரு உன்னை அதைப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தாண்ணா நிறுத்தாதீங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்லி வெச்சேன். காலைலயே சொல்லிட்டேன்" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையில் அவள் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நின்றது நான். கத்தியது நான். என் ஆட்டத்தை அவள் தன் பெயரில் எழுதிக்கொள்கிறாள்! நடுவில் புகுந்து, "பொய்! நான்தாம்பா மொதல்ல நின்னேன், எல்லாம் என்னாலதான்!" என்றேன். அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அத்தை என்னைப் பின்னால் இழுத்துத் தள்ளினாள். "அதுக்கு இன்னா தெரியும்? எனக்குப் பரிஞ்சுக்கினு பொய் சொல்லுது" என்றாள்.

பொய் சொன்னவள் அவள், பொய்க்காரி என்ற பெயர் எனக்கு. நான்கு நாள் அத்தையோடு பேசவில்லை. அவள் தினமும் டிபன் பாக்ஸோடு ரயிலேறிக் கவரைப்பேட்டைப் பக்கம் வேலை தேடிப் போய்வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய டீ-சர்ட்டையும் கம்பெனி பெயர் உள்ளே போகும்படி திருப்பிப் போட வைத்து, எப்போதும்போல் விசிலோடு நின்றாள். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு என் இடத்தில் நின்றேன். பள்ளியில் பார்த்தவர்களிடமெல்லாம், முதலில் நின்றது நான்தான், அத்தை இல்லை என்று சொல்லித் திரிந்தேன். என் வாழ்க்கையின் ஒரே வீரச் செயலை அத்தை திருடிக்கொண்டாள் என்றுதான் வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.