உரசிப் பார்த்த பேனா

என்னிடம் இருக்கும் இங்க் பேனா மேல்நோக்கி இழுக்கும் கோடுகளில் மட்டும் கரகரவென்று சத்தம் போடும். டீவி ஓடாத மத்தியான வேளையில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினால், சமையலறையில் இருக்கும் என் மனைவிக்குக் கேட்கும். "ஆரம்பிச்சாச்சா, எலி பிறாண்டற மாதிரி" என்பாள். மகள் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "நிப்பை மாத்தித் தரேன்ப்பா, குடு" என்று கை நீட்டுவாள். நான் கொடுப்பதில்லை. பேனா என் சம்பந்தி கொடுத்தது. கரகரப்பு நான் சேர்த்தது. இரண்டையும் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

சம்பந்தி என்றால் மகளுடைய மாமனார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் கைப்பையும் பெல்ட்டும் தைக்கும் தோல் பட்டறை வைத்திருக்கிறார். நான் மாட்டுங்காவில் பிறந்து, இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் க்ளெய்ம் காகிதங்களைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன். யார் எதை நீட்டினாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிற வியாதி ரிட்டயர் ஆன பிறகும் என்னை விடவில்லை. சயான் காலேஜில் கூடப் படித்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் சொன்னபோது சரி என்று சொன்னேன். அரை மனசோடுதான் சொன்னேன். தாராவி என்ற பெயரைக் கேட்டதும் மூஞ்சியைச் சுளித்தேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். சுளித்திருப்பேன். நான் அவ்வளவு பெரிய மனுஷன் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சம்பந்தி வீட்டுக்கு வந்தார். கையிலிருந்த மஞ்சள் துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். பெரிய கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வெளிநாட்டு இங்க் பேனா. கூடவே அதற்கென்று ஒரு தோல் உறை. "எழுத்து உங்க ஆளுகளுக்குக் கைவந்த வேலை, சம்பந்தி. லக்னப் பத்திரிகைய நீங்க இதுலதான் எழுதணும்" என்றார். எனக்குக் கண் கலங்கியிருக்கும். அதற்குள் அவரே கெடுத்துக்கொண்டார். "ஆன்லைன்ல போட்டிருந்தான். பாதி விலைக்கும் கீழ. விடுவனா?" என்று சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார். பரிசு கொடுக்கிறவன் தள்ளுபடியை யாரிடமாவது சொல்வானா? அந்த நிமிஷமே என் ஆபீஸ் புத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் படியிறங்கியதும் விசாரணையைத் தொடங்கினேன். அசல் எது, போலி எது என்று சொல்லும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். மூடிக் கொக்கியின் வளையத்தில் எண் பொறித்திருக்க வேண்டும் என்றார்கள், இருந்தது. நிப்பில் பதினெட்டு காரட் என்ற முத்திரை இருக்க வேண்டும் என்றார்கள், அதுவும் இருந்தது. உத்தரவாதப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தும் ஒரு எழுத்துப் பிழை அகப்படவில்லை. எல்லாம் இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று என் சந்தேகம் கூடிப்போனது. மைசூர்பாகுக்கு மாவு நிறுக்கும் தராசில் பேனாவை வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"எதை எடை போடறேள், பேனாவையா, சம்பந்தியையா?"

மறுநாளே மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக நகை செய்கிற ஆசாரியிடம் பேனாவைக் கொண்டுபோனேன். நிப் தங்கம் என்றால் உரசினால் தெரிந்துவிடாதா? நல்ல மனுஷன் அவர், நிப்பின் பளபளப்பு கெட்டுவிடக் கூடாது என்று நுனியை மட்டும் கல்லில் வைத்து அழுத்தி உரசினார். கோடு விழவில்லை. இன்னும் அழுத்தி உரசினார். "பவுனா இருந்தா மஞ்சளாக் கோடு விழணும் சார். இது ஏதோ வெள்ளை லோகம்" என்று திருப்பிக் கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது வருத்தத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்கிற அற்ப சந்தோஷம். ரயிலில் வரும் வழியெல்லாம் அதை மென்றுகொண்டே வந்தேன்.

நிச்சயதார்த்தம் சயானில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. சட்டைப் பையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவை வைத்துக்கொண்டேன். சம்பந்தியின் பேனாவையும் எடுத்துக்கொண்டு வரவில்லை என்றால் தானும் வரப்போவதில்லை என்று மனைவி மிரட்டியதால் அது இன்னொரு பையில் உறையோடு கிடந்தது. சாஸ்திரிகள் பத்திரிகை வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பால்பாயிண்டை எடுத்தேன். எதிர்வரிசையில் இருந்த சம்பந்தி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பேனா எழுதலியா, சம்பந்தி?" என்று காதோடு கேட்டார்.

"எழுதாம என்ன. ஆன்லைன்ல டூப்ளிகேட் நிறைய வரதாம். உங்களை யாரோ ஏமாத்தியிருக்கா. நல்ல காரியத்துக்கு எதுக்குன்னு…" என்று இழுத்தேன். அந்தப் பக்கம் பட்டுப்புடவையில் மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இப்போது கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. "உறையக் கொஞ்சம் கொடுங்க" என்று கை நீட்டினார். வாங்கித் திருப்பினார், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். "பேனாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, சம்பந்தி. தோலு தெரியும். இந்தத் தையலப் பாருங்க, எம்புட்டு நெருக்கமா குத்தியிருக்கான். ஓரத்துக்கு மூணு தரம் சாயம் ஏத்தித் தேச்சிருக்கான். டூப்ளிகேட் போடுதவன் உறைக்கு இவ்வளவு கூலி கொடுக்க மாட்டான். பசையப் போட்டு ஒட்டு, மேல நாலு தையலு போடுன்னுதான் சொல்லுவான்." இன்னும் குரலைத் தாழ்த்தினார். "எப்படித் தெரியும்னா, பம்பாய்க்கு வந்த புதுசுல டூப்ளிகேட்காரனுக்கு அந்த மாதிரி உறைய ரெண்டு வருசம் தைச்சுக் கொடுத்தவன் நான்தான். மனசுக்குப் பிடிக்கல, விட்டுட்டேன்."

பெண் வீட்டுக்காரனிடம், அதுவும் நிச்சயத்தன்று, தன்னைப் பற்றி எவராவது இப்படிச் சொல்வார்களா? முப்பது வருஷத்தில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர்கூடத் தனக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேனா எக்கேடு கெட்டுப் போகட்டும், இந்த மனிதர் சுத்தத் தங்கம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பால்பாயிண்டை உள்ளே வைத்துவிட்டு அவர் பேனாவால் எழுதினேன். முதல் வரியிலேயே கரகரவென்றது. "புதுசுல்லா. எழுத எழுதப் பழகிரும்" என்றார் சம்பந்தி. எனக்குக் காது மடல் சுட்டது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கோட்டைப் பகுதியில் பேனா ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் போனேன். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர், பேனா அசல், ஆனால் நுனியை எந்தப் புண்ணியவான் தேய்த்தான் என்று ஹிந்தியில் கேட்டார். தங்க நிப் எல்லாவற்றுக்கும் நுனியில் மட்டும் கெட்டியான வெள்ளை உலோகத்தில் ஒரு பொட்டு வைப்பார்களாம். தங்கமாகவே விட்டால் எழுத எழுதத் தேய்ந்துவிடுமாம். ஆசாரி உரசியது சரியாக அந்தப் பொட்டை. தங்கத்தை விட்டுவிட்டுத் தங்கமில்லாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து உரசியிருக்கிறோம்.

அங்கிருந்து நேராகத் தாராவிக்குப் போனேன். பட்டறையில் ஏழெட்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெதுவாகச் சொல்ல நினைத்ததைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஆசாரிகிட்ட குடுத்து உரசிப் பார்த்தேன், சம்பந்தி" என்று நான் கத்திய நேரத்தில் கரண்ட் போய் எல்லா மெஷின்களும் ஒரேயடியாக நின்றுவிட்டன. பட்டறை முழுக்க என்னைப் பார்த்தது. சம்பந்தி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று தோல் குவியலில் விழுந்தது.

"உரசியே பாத்துட்டீயளா. அதனால என்ன, நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? உங்களப் பத்தி மாட்டுங்கால நாலு பேருட்ட விசாரிச்சேன். சந்தேகப் பிராணி, ஆனா நேர்மையான ஆளுன்னாவ. சரி, ரெண்டாவது போதும்னு வந்துட்டேன்."

அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தேன். ஊருக்கெல்லாம் பை தைக்கிறவர் கையில் எப்போதும் அந்த மஞ்சள் துணிப்பைதான். ஆன்லைனில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தோள்பையைப் பார்த்தேன். அசல் தோல் என்று போட்டிருந்தது, தள்ளுபடியும் உண்டு. ஆமாம், தள்ளுபடிதான். பிரித்ததும் அவர் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "ஜோரா இருக்கு, சம்பந்தி" என்று அங்கேயே தோளில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அம்பர்நாத்துக்கு ஆர்டர் வாங்கப் போனாலும், பாண்டுப்பில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பைதான்.

நேற்று இருவரும் ஒன்றாக ரயிலில் வந்தோம். கூட்டத்தில் பையை என் மடியில் வைத்தார். அதன் மூலையில் பழுப்புச் சாயம் புதிதாகப் பூசியிருந்தது. விரல் பட்டதும் மேல்தோல் வறட்டு வெங்காயச் சருகு போல உரிந்து, அடியில் துணியின் இழை தெரிந்தது. தோல் இப்படி உரியாது என்பது இத்தனை நாள் பழக்கத்தில் எனக்கே தெரியும். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"மழையில நனைஞ்சா, தோலு கொஞ்சம் உரியத்தான் செய்யும்" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாற்பது வருஷம் தோலோடு கிடந்தவர் வாயால் இது வருகிறது. முதல் நாள் ஓரத்தைத் தடவியபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அசலைக் கொடுத்தார், நான் ஆசாரியிடம் ஓடினேன். நான் போலியைக் கொடுத்தேன், அவர் மூலைக்கு மூலை சாயம் பூசிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து மனைவி, "இது என்ன கறை?" என்றாள். "இங்க்" என்றேன். "பழுப்பு நிறத்துல எந்த இங்க்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். இதோ, எழுத உட்கார்ந்துவிட்டேன். பேனா கரகரக்கிறது. சமையலறையிலிருந்து, "ஆரம்பிச்சாச்சா" என்கிறாள்.