வழிமொழிகிறவர்

கட்சியின் கிளைக் கூட்டத்தில் யார் எதை முன்மொழிந்தாலும் வழிமொழிகிறவர் என் அக்காள் கணவர் நாகமணி. புக்கிட் ரோத்தான் கிளையில் அது எழுதாத சட்டம். தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டிய காலத்தில் பழகிய தொண்டை, மைக் வேண்டாம். அவர் எழுந்து சொன்னால்தான் கை தட்டுவார்கள்.

இம்முறை வந்த தீர்மானம், அவருடைய நண்பர் சிவானந்தத்தைக் கட்சியிலிருந்து நீக்குவது. வேட்பாளர் யார் என்பதைத் தொகுதித் தலைவர் தனியாக முடிவு செய்யக்கூடாது, கிளைகளையும் கேட்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டிருந்தார் சிவானந்தம். அவ்வளவுதான் குற்றம்.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நான்தான் மச்சானையும் அக்காள் குமுதாவையும் காரில் கூட்டிப்போனேன். மச்சான் காலையிலிருந்தே சரியில்லை. சட்டையை மாற்றினார், மறுபடி பழையதையே போட்டார். காரில் ஏறியவர் இறங்கிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

கோயில் மண்டப வாசலிலேயே கிளைத் தலைவர் சேது பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எழுந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க லா. தொகுதி ஆளு வந்திருக்காரு."

"சிவா எங்க?"

"வர வேணாம்னு சொல்லிட்டோம். அவருக்கும் மானம் இருக்குல்ல."

சேதுவே முன்மொழிந்தார். எல்லாத் தலைகளும் மச்சான் பக்கம் திரும்பின. அவர் எழவில்லை.

"என்ன அண்ணே, பேட்டரி வீக்கா?" என்றார் ஒருவர். கிளம்பிய சிரிப்பு பாதியில் நின்றது. தொகுதி ஆள் கைப்பேசியை எடுத்தார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்துவிடுங்கள் மச்சான் என்று நினைத்தேன். எழாதீர்கள் என்றும் நினைத்தேன்.

"வழிமொழிகிறேன்."

பெண்கள் வரிசையிலிருந்து வந்தது குரல். என் அக்காள்.

கைதட்டல் ஓயும் முன்பே மச்சான் வெளியே போய்விட்டார்.

காரில் அக்காள்தான் முதலில் பேசினாள். "ஏங்க, சிவா அண்ணன் பேரு எப்படியும் போயிருக்கும். நீங்க உக்காந்தே இருந்தா அடுத்த கூட்டத்துல உங்க பேரு. நான் வேற என்ன செய்வேன்?"

"போனா போவட்டுமே. அவன் பொண்டாட்டி உன்னை வாய் நெறைய அக்கானு கூப்புடுறா."

"நாளைக்கு நானே போய் பேசுறேன்."

"மாப்ள, சுங்கை செம்பிலாங் விடு, சிவா வீட்டுக்கு."

"வேணாம் தம்பி, வீட்டுக்கு விடு."

நான் வேகத்தைக் குறைத்தேன், கூட்டினேன். சாலைச் சந்திப்பு வந்ததும் மச்சான் சொன்ன பக்கம் திரும்பினேன்.

சிவானந்தம் வாசலில் நின்றிருந்தார். முடிவு எப்படியோ அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. மச்சான் மட்டும் இறங்கிப் போனார்.

"யாருடா வழிமொழிஞ்சது? எவனும் சொல்ல மாட்டேங்குறான்."

"நான்தான்" என்றார் மச்சான்.

சிவானந்தம் அவரையே பார்த்தார். "உன்னைத்தான் நெனைச்சேன். இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அக்காள் பக்கத்துக் கார்க் கண்ணாடி இறங்கித்தான் இருந்தது; எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் காரிலிருந்து இறங்கி, சாத்திய கதவை நோக்கி நடந்தாள்.