யாத்திரை பஸ்ஸுக்குப் பின்னால்

என் மோட்டார் சைக்கிள் தூரப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட கனமான வண்டி. வாங்கியபோது இருந்த மாதிரி இப்போது இல்லை. முன்கண்ணாடியை உயர்த்தினேன். முன்னால் இரண்டு பெரிய லைட் பூட்டினேன். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பிளாஸ்டிக் தகடு வெட்டி, பின்சீற் வரை நீளமாகப் பூட்டினேன். அழகுக்கு இல்லை. என் மனைவிக்கு முழங்கால் நோ. குளிர்காற்றில் பின்னால் இருந்து வந்தால், இறங்கி நடக்கக் கஷ்டப்படுவாள். தகடு பூட்டிய பிறகு அவள் முறையிடவில்லை.

அவள் செத்து இரண்டு வருடமாகிறது. தகட்டை நான் கழற்றவில்லை.

பியர்பொன்ட்ஸ் பகுதியில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், ஒரு கியூபெக்காரன், முதலிலேயே சொன்னான். ரேடியேட்டருக்குள் போகும் காற்று வெளியே வர வழியில்லை, இதைக் கழற்று என்றான். உன் வேலையைப் பார் என்றேன். ஓடும்போது காற்று நேராக அடித்தால் வண்டி சமாளிக்கும். நின்றால்தான் எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறும். ஆகவே நெரிசல் நேரத்தில் நான் வெளிக்கிடுவதில்லை. நெரிசலில் போய் யாரைப் பார்க்க இருக்கிறது எனக்கு?

கோடையில் எங்கள் கோயில் சனம் ஆற்றங்கரையில் இருக்கும் மாதா கோயிலுக்கு யாத்திரை போகும். அங்கே எங்கள் சுவாமியார் தமிழில் பூசை வைப்பார். தொடக்கத்தில் செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் ஒருவர் எழும்பிப் போய்ப் பீடத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். இந்த முறை அவள் பெயரும் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய ஆட்கள் யாரும் இந்த நாட்டில் இல்லை. நான்தான் எழும்ப வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை அது.

வில்லரே பகுதியில் பஸ் நின்ற இடத்துக்குக் காலையில் போனேன். யாத்திரையை ஒழுங்கு செய்யும் பெடியன் ஓடி வந்தான். பெடியன் என்றால் நாற்பது வயது. எனக்குப் பெடியன்.

"அண்ணை, பஸ்ஸிலை சீற் கிடக்கு. ஏறுங்கோவன்."

"எனக்கு வாகனம் இருக்கு."

பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் 'தனிய எப்பிடிச் சமாளிக்கிறியள்' என்று தொடங்குவார். இறங்கும் வரை விடமாட்டார்.

"அப்ப பஸ்ஸுக்குப் பின்னாலையே வாங்கோ. ஆரும் முந்தப்படாது. ஒண்டாப் போய் ஒண்டா இறங்கவேணும்."

"நான் என்ன ஆட்டுக்குட்டியே?"

"ஓம் அண்ணை, இண்டைக்கு எல்லாரும் ஆட்டுக்குட்டிதான். வேணுமெண்டால் சுவாமியைக் கேளுங்கோ."

இது எங்கள் ஆட்களின் வியாதி. கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் வாகனங்கள் வால் பிடித்துத்தான் போக வேண்டும். ஒருவன் முந்தினால் அதை ஒரு வருடம் கதைப்பார்கள். எனக்கு முன்னால் பஸ், பின்னால் ஐந்தாறு கார்.

ஹைவேயில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே முள் வழமையைவிட மேலே நின்றது. காரணம் எனக்கு உடனே விளங்கியது. பஸ்ஸின் முதுகு காற்றை மறைத்தது. ரேடியேட்டருக்கு வந்தது பஸ் கக்கிய சூடு மட்டும். அது வெளியே போகாமல் தகடு பிடித்து வைத்தது. முந்தினால் சரி. இல்லாவிட்டால் தூர விலகி வந்தாலும் சரி.

நான் இரண்டையும் செய்யவில்லை. பஸ்ஸின் கடைசிச் சீற்றில் இரண்டு சின்னப் பிள்ளைகள் திரும்பி முழங்காலில் நின்று, கண்ணாடியால் எனக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். திரும்பவும் காட்டினார்கள். எத்தனையோ மாதமாக வேறு மனிதரோடு சேர்ந்து நான் ஒரு இடத்துக்கும் போனதில்லை. முள் ஏறுவது தெரிந்துகொண்டே பஸ்ஸின் முதுகோடு ஒட்டி ஓடினேன்.

பிறகு வீதி வேலை வந்தது. இந்த ஊரில் கோடை என்றால் அதுதானே. ஆரஞ்சுக் கூம்புகள், ஒற்றை வழி, ஊர்ந்து போகும் வாகனங்கள். ரேடியேட்டர் ஃபேன் அலறியது. தொடை வெந்தது. முள் சிவப்பைத் தொட்டது, எச்சரிக்கை லைட் எரிந்தது, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் கொதித்து ஊற்றும் அந்தத் தித்திப்பு மணமும் வந்தது. கரைக்கு எடுத்து நிறுத்தினேன். பஸ் நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த கார்களும் என்னைத் தாண்டிப் போயின. ஒருவன் ஹோர்ன் அடித்தான். நிற்கவில்லை. முந்தினால் தவறு, கைவிட்டுப் போனால் தவறில்லை.

போன் அடித்தது. பெடியன்தான்.

"அண்ணை, பிள்ளையள் உங்களைக் காணேல்லை எண்டுதுகள். எங்க நிக்கிறியள்?"

"கரையிலை. எஞ்சின் கொதிக்குது."

"பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லட்டே?"

"நிப்பாட்டி? எல்லாரும் இறங்கி ஊதி ஆத்தப்போறியளே?"

"செபமாலை போகுது. உங்கட மோட்டச்சைக்கிளுக்கும் ஒண்டு சொல்லுறம்."

"விசர்க்கதை கதையாதை. மனுசியின்ர பேரைக் கடைசியா வாசிக்கச் சொல்லு."

"சுவாமி முன்னமே அங்க போட்டார் அண்ணை. போன் எடுக்கிறாரில்லை. போய்ச் சொல்லிப் பாக்கிறன்."

சூடு இறங்காமல் ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. திறந்தால் முகம் வெந்துவிடும். வெயிலில் நின்றேன். லொறிகள் போகும்போது வண்டி ஆடியது. சும்மா நிற்க முடியாமல் ஸ்பேனரை எடுத்துத் தகட்டைக் கழற்றத் தொடங்கினேன். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. விரல் இரண்டு இடத்தில் சுட்டது. தூஷணம் சொல்லிச் சொல்லிக் கழற்றினேன். எஞ்சின் ஆறியதும் கொண்டுவந்த குடிதண்ணீரைக் கூலன்ட் தாங்கிக்குள் ஊற்றினேன். தகடுகளைப் பின்சீற்றில் கட்டினேன். வேறு எங்கே கட்டுவது?

நெரிசல் கலைந்ததும் ஓடினேன். முன்னால் ஒன்றும் இல்லை. முள் நடுவில் போய் நின்றது.

நான் கோயில் வாசலுக்குப் போனபோது நற்கருணைப் பாட்டுக் கேட்டது. எல்லாம் வாசித்து முடிந்திருந்தது. ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் நின்றேன்.

பூசை முடிய மரங்களுக்குக் கீழே இடியப்பப் பார்சல் பிரித்தார்கள். நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பெடியனின் மனைவி ஒரு பார்சலைக் கொண்டுவந்து தந்தாள்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அவவின்ர பேர் வாசிக்கேக்கை ஆரும் எழும்பேல்லை. நான் போய்க் கொளுத்தினனான்."

"ஆர் உன்னைக் கேட்டது?"

"ஆரும் கேக்கேல்லை. அவ ஒருக்கா பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருந்து வந்தவ. யாத்திரை அண்டைக்கு நீங்கள் வேலைக்குப் போன வருசம்."

அது எனக்கு மறந்தே போயிருந்தது.

"என்ன மாதிரிக் கதைப்பா," என்றாள். "இங்க வந்து சேருமட்டும் வாய் மூடேல்லை. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்துபோச்சு."

"அவவோ?"

"ஓம். மோட்டச்சைக்கிளிலை கதைக்க ஏலாது, பஸ்தான் நல்லம் எண்டு சொன்னவ. உங்களுக்குச் சொல்லாதை எண்டும் சொன்னவ. இப்ப சொல்லிப்போட்டன்."

நான் பார்சலைப் பின்சீற்றில் தகடுகளுக்கு மேல் வைத்தேன்.

"நீங்கள் நித்திரையிலையும் ஏசுறனீங்களாம்."

"ஆரை ஏசுறனானாம்?"

"அது அவவுக்கும் தெரியாதாம்." அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

இத்தனை கோடை என் மனைவி என் முதுகுக்குப் பின்னால் வாய் திறக்காமல் வந்திருக்கிறாள். நான் முழங்காலை மட்டும் பார்த்தேன்.

வெளிக்கிடும் நேரம் பெடியன் வந்தான். "இப்பவும் பின்னாலைதானே அண்ணை?"

"இல்லை. நான் முன்னுக்குப் போறன்."

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும்."

திரும்பி வரும்போது காற்று காலில் நேராக அடித்தது. முள் அசையவில்லை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. என் மனைவி என்ன சொல்லிப் பெடியனின் மனைவியை அப்படிச் சிரிக்க வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தியதுக்கு நன்றியும் சொல்லவில்லை.