மைக்செட் பாடாந்தரம்

“வீட்ல யாரும் பாடாம உனக்கு மட்டும் எப்படிம்மா வரும்?”

விடுதியில் என் அறையில் இருப்பவளின் அத்தை இதைக் கேட்டபோது என் இலையில் மூன்றாவது இட்லியை வைத்துக்கொண்டிருந்தார். கேலியாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“வரும் மாமி. நாலு சரணமும் மனப்பாடம்.”

“அட! சட்னி போடட்டுமா?”

திருக்காட்டுப்பள்ளியில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போக வேண்டிய கோயில் ஊர், என் அறைத்தோழியின் ஊர். திருவிழாவுக்காக அவளோடு போயிருந்தேன். ஒரு காலத்தில் அங்கே வந்து தங்கிய துறவி ஒருவர் பெருமாள்மேல் பாட்டுக் கட்டினார் என்பார்கள். ஆவணித் திருவிழாவில் ஊரே உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைப் பாடும். தோழியின் அப்பா, தாத்தா எல்லாரும் அந்த மண்டபத்தில் பாடியவர்கள். என் வீடு நீடாமங்கலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இப்போது தஞ்சாவூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல்.

வகுப்பில் நான்தான் முதல். தோழி என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவள். ஆனால் அவள் பாடுவாள். பாடுகிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் பாடுவாள். துணி அலசும்போது, ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு தலை வாரும்போது. நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னதற்கு, “இதுவா? செம போருடீ,” என்றாள். எனக்கு இல்லாத ஒன்றைக் கழற்றிப்போட்ட செருப்புபோல அறையில் போட்டு வைத்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டை அவள் அப்பா முந்தைய திருவிழாவில் பாடிய வீடியோ யூடியூபில் இருந்தது. இரண்டு மாதம், காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே மொட்டை மாடிக்குப் போய் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுப் படித்தேன். சமஸ்கிருதம். பொருள் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அவர் ஒரு வரியை இரண்டு தடவை பாடினால் நானும் இரண்டு தடவை, மூன்று என்றால் மூன்று. எல்லாப் பரீட்சைக்கும் தனியாகத்தான் படித்திருக்கிறேன், இதுவும் அப்படித்தான் என்று இருந்தேன். ஒரே ஒரு ஆசை. நான் பாடுவதைக் கேட்டு அவள் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் அவள் முன் வரிசையில் இருந்தாள், நான் அவளுக்குப் பின்னால். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அவள் அப்பா தொடையில் தாளம் போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். முதல் சரணத்தில் அவள் தாளத்தைவிடக் கொஞ்சம் முந்தி ஓடினாள். அவர் திரும்பவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தாளத்தில் வந்து சேர்ந்தாள்.

அத்தனை குரலுக்கு நடுவில் அந்த ஒரு குரல் பிசகியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய குரல்மேல் இருந்த பொறாமையெல்லாம் அப்போது அந்த விரல்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டாவது படிக்கும்போது நான் எழுதிய கட்டுரைகளை அம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்,” என்பாள். தப்பும் தவறுமான கட்டுரைக்கும் அதே பதில்தான்.

மூன்றாவது சரணம் வந்தது. இரண்டாவது வரியை எல்லாரும் இரண்டு தடவை பாடினார்கள். நான் மூன்றாவது தடவையும் முழுத் தொண்டையில் எடுத்தேன். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். பழைய வரியில் நான் மட்டும் நின்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மிருதங்கக்காரரும் பார்த்தார்.

முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். அவள் அப்பா தேடிக்கொண்டு வந்தார். “மூணாவது தடவை எடுத்தது நீதானேம்மா? எங்க கத்துண்டே?”

“உங்க வீடியோல மாமா.”

அவர் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அடடா! அன்னிக்கு மைக் கீச்சுன்னு கத்தித்து. யாருக்கும் கேட்டிருக்காதேன்னு அந்த வரியை இன்னொரு தடவை பாடினேன்!”

அந்தக் கீச்சு எனக்கும் ஞாபகம் இருந்தது. அதை மட்டும்தான் நான் பாடாமல் விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வீடு வழிவழியாக வரும் பாடும் முறையைப் பாடாந்தரம் என்பார்கள். “அப்போ இது யாரோட பாடாந்தரம்?” என்றார் அத்தை.

“மைக்செட்காரர் பாடாந்தரம்!” என்றாள் தோழி. எல்லாரும் சிரித்தார்கள். சுண்டலை மென்றபடி நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் தோளை இடித்தாள். “கோவமாடீ?”

“இல்ல.”

“நாலு வயசுலேர்ந்து எனக்கு அந்த விரல்தான். வாயைத் திறந்தா தப்பு. உங்க வீட்ல உன்னை ஒருநாளாவது தப்புன்னு சொல்லியிருப்பாளா? குடுத்துவெச்சவ நீ.”

ஜன்னலுக்கு வெளியே கதிர் தள்ளிய குறுவை வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கும் என்மேல் பொறாமை இருக்கிறது என்பது உறைக்க இரண்டு ஊர் தாண்ட வேண்டியிருந்தது. உறைத்த பிறகும் என் பொறாமை ஒரு துளி குறையவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னது அந்த விரலைத்தான்.

விடுதிக்கு வந்ததும் அம்மா போன் செய்தாள். “பாடினியா கண்ணு?”

“ஒரு எடத்துல தப்பாப் பாடிட்டேம்மா.”

“நீ எங்க தப்பாப் பாடப்போற? அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்காது.”

“இல்லம்மா, தப்புதான்,” என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடியும் சொன்னேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையே, கல்லூரிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பாட்டு வகுப்புக்குப் போனேன். “யாரைச் சேர்க்கணும்? தங்கச்சியா?” என்று கேட்டார் டீச்சர். “நான்தான் மேடம்,” என்றேன். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் பாயில் இடம் கிடைத்தது. சரளி வரிசையின் முதல் வரியைப் பாடச் சொன்னார். பாடினேன்.

“தப்பு. இன்னொரு தடவை.”

பக்கத்தில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி, அதே வரியை ஒரே தடவையில் சரியாகப் பாடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு தடவை பாடினேன்.