பாய்லருக்கு நீட்டிய ஊக்கு

இந்த ஊரில் வீடே எண்ணெய் குடிக்கிறது. அயர்லாந்தில் என் மகள் கல்யாணி வீட்டுத் தோட்டத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு டாங்கி நிற்கிறது. திறந்தால் மண்ணெண்ணெய் வாசனை. அது குழாய் வழியாகப் பாய்லருக்குப் போய் எரிந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, அறைக்கு அறை சுவரில் மாட்டியிருக்கும் இரும்புப் பட்டைகளைச் சூடாக்குகிறது. நெருப்பைக் கண்ணால் பார்க்காமலே குளிர் காய்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

போன வாரம் அந்தப் பாய்லர் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. சால்வைமேல் சால்வை போர்த்தியும் என் முழங்கால் மடங்கவில்லை. கல்யாணிக்கு இது ஆறாம் மாதம். பல வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. கூட இருந்து பார்த்துக்கொள்ளத்தான் நான் கடல் தாண்டி வந்தேன்.

"இன்னைக்குச் சரியாகலைன்னா உனக்கு டிக்கெட் போட்டுடறேம்மா. நீ விறைச்சுப் போறதை என்னால பாக்க முடியாது."

"நான் போயிட்டா பிள்ளையை யாருடி குளிப்பாட்டுறது? யூடியூப்பா?"

ஷான் என்கிற மெக்கானிக் வந்தார். பாய்லரைக் கழற்றி, கரி பிடித்த சின்னப் பித்தளைத் துண்டு ஒன்றைக் காட்டினார். எண்ணெயைப் பீச்சுகிற நாசில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் காந்தி மார்க்கெட் பக்கம் பம்ப் ஸ்டவ் வைத்து இட்லிக் கடை நடத்தியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஸ்டவ் மஞ்சளாக எரிந்தால் ஊசியால் ஒரு குத்து, கம்மினால் நாலு பம்ப் என்று கைக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவர்கள் பசியோடு நிற்கும்போது அடுப்பு மக்கர் செய்ய விடலாமா? அந்தத் தைரியத்தில் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். ஷான் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பித்தான் அறுந்த இடத்தில் அதைக் குத்திக்கொண்டு, "தேங்க் யூ" என்றார்.

கல்யாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஷான் இரண்டு கையையும் தூக்கி, "நோ, நோ!" என்றார்.

"குத்தவே கூடாதாம்மா. கீறல் விழுந்தா எண்ணெய் கோணலாப் பீச்சுமாம். புதுசுதான் போடணுமாம்."

"எனக்கே பாடம் எடுக்குறாரா அந்தத் தம்பி?"

"இது உன் இட்லி அடுப்பு இல்ல. சும்மா இரும்மா."

புது நாசிலைப் போட்டு, மீட்டரை மாட்டி, பிரஷர் திருகைத் திருப்பினார். உள்ளே நெருப்பு சீறியது. "குறைக்கச் சொல்லுடி" என்றேன். ஷான் மீட்டர் பேச்சைத்தான் கேட்டார். பிறகு கைப்பம்பு ஒன்றால் புகையை ஒரு வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தார். கரும்புள்ளி விழுந்தது. காற்று வழியைக் கொஞ்சம் திறந்து மறுபடி இழுத்தார். தாள் வெள்ளையாகவே வந்தது. அதை என் கையில் கொடுத்தார். எழுத்தில்லாத தாள்; எனக்குப் புரிந்துவிட்டது. அவர் திருப்பினது சரிதான்.

சாயங்காலம் இரும்புப் பட்டை தொட முடியாமல் சுட்டது. கல்யாணி டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை. ஊருக்குக் கட்டிக்கொண்டு போகலாமென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த சுங்குடிப் புடவையை, இங்கேயே கட்டிக்கொள்ள எடுத்து அலசினேன். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உலர்த்துவோம். இங்கே ஒரு முனையை என் அறைப் பட்டையில் போட்டேன். மறுமுனை, பக்கத்தில் பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறை வரை போனது. அந்தப் பக்கம் கல்யாணி பிடித்துக்கொண்டாள். நடுவில், காவிரிக் காற்று இல்லாமலே, புடவை மெல்ல அசைந்தது.