உருளை ஓடும்போது படித்த அத்தியாயம்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்குப் புகழ்மாலை விழுவது உலகத்தில் நடக்கிற காரியமா? ஆனாலும் சொல்கிறேன். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நான் சொல்லாவிட்டால் கண்டவர்கள் கண்டபடி சொல்லிவிடுவார்கள். எங்கள் சலவைக்கூடத்தின் பழக்கம் அப்படி.

என் அண்ணி நடந்தால் சத்தம் வராது. பேசினால் அதைவிட வராது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த புதிதில், இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா என்று நானே திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வாய் இருந்தது. அது புத்தகத்துக்கு மட்டும் திறக்கும்.

சலவைக்கூடம் என்றால் கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல் என்று நினைக்க வேண்டாம். ஒரு நீளமான கூடம். நடுவில் மடிக்கும் மேஜை. ஒரு கோடியில் கொதிக்கிற சூட்டில் சுழலும் உருளை. ஈரப் படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி காய்ந்து தட்டையாக வரும். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் தும்மினாள் என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருநாள் அண்ணி மேஜைக்கடியில் நூலகப் புத்தகம் வைத்துப் படித்து சூப்பர்வைசரிடம் மாட்டிக்கொண்டாள். "அப்படி என்ன ருசி அதுல? சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்" என்று அவர் கிண்டலுக்குச் சொன்னார். இவள் நிஜமாகவே படித்துவிட்டாள். கதை கேட்டுக்கொண்டு மடித்ததில் துணி மளமளவென்று குறைந்தது. மனுஷர் கணக்கில் கெட்டிக்காரர். மறுநாளே உருளைக்கு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: வாய் நின்றால் கை மடிக்க வேண்டும். அதனால் உருளை ஓடினாலும் அண்ணி நிறுத்த மாட்டாள். உதடு அசையும், பக்கம் புரளும், எங்கள் காதில் ஒன்றும் விழாது.

இதில்தான் எங்கள் கூத்து. கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள எங்களில் யாருக்கும் மானம் இடம் கொடுக்காது. விட்டுப்போன இடத்தை அவரவர் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வோம். ஒரு நாவலில் கதாநாயகியின் புருஷன் உருளைச் சத்தத்தில் செத்துப்போனான் என்று முடிவு கட்டி இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். மறுநாள் அவன் சாப்பிட வந்து உட்கார்ந்தான். அழுதவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் அந்தப் பழைய பெரிய நாவலை அண்ணி எடுத்தாள். அதில் ஒரு விளக்குக்காரி வருகிறாள். பெரிய மாளிகையில் விளக்குத் துடைக்கிற வேலை. ஆளுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நோஞ்சான். முதலாளி மகன் கணக்குப்பிள்ளையை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றதை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். கோர்ட்டில் முதல் நாள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க, பார்த்ததைச் சொல்கிறாள். நாங்கள் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினோம். உருளை ஓடியது. உருளை நின்றது. இரண்டாம் நாள் விசாரணையில் அவள், "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்!

"காசு வாங்கிட்டா, கழுதை" என்றாள் தலையணை உறைக்காரி. "காசு இல்ல, முதலாளி மகன் மேல ஆசை" என்றாள் இன்னொருத்தி. பயந்தாங்கொள்ளி, துரோகி என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எங்கள் கூச்சலில் அது எடுபடவில்லை.

அடுத்த வாரம் எங்கள் கூடத்திலேயே ரத்தம் சிந்தியது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருந்தாள். பெயர் புதுசு என்றே நிலைத்துவிட்டது. உருளையில் விரிப்பு சுருண்டது, அவள் இழுத்தாள், துணியோடு கையும் உள்ளே போய்விட்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. யாரோ மின்சாரத்தை அணைப்பதற்குள் விரல்கள் வெந்துவிட்டன.

"கதை கேட்டுக்கிட்டே கவனத்தைத் தப்ப விட்டா. தப்பு அவளோடதுதான்" என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை செல்லுபடியானால் புதுசுக்கு வைத்தியச் செலவும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் காலையில் அவர் அந்தக் கம்பியைத் தூக்கி ஒயரால் கட்டியதை அண்ணி பார்த்திருந்தாள். அடிக்கடி மிஷின் நின்று வேலை தாமதமாகிறதாம். மேஜையில் நின்ற எங்களுக்கெல்லாம் உருளை முதுகுப்பக்கம். புதுசுக்கோ அந்தக் கம்பி எதற்கென்றே தெரியாது. அதைப் பார்த்து உட்கார்ந்தவள் அண்ணி ஒருத்திதான். புதுசைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடிய நேரத்தில் ஒயர் காணாமல் போய்விட்டது.

விசாரணைக்குத் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். முதல் நாள் அண்ணி போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டாள். நாளை எல்லோர் முன்னிலையிலும் உறுதி செய்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அந்த அம்மா. வெளியே வந்தவளை நாங்கள் தோளில் தூக்காத குறைதான். "பூனை புலியாயிடுச்சு!" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசரின் மனைவி பழக்கூடையோடு வந்தாள். மிரட்டவில்லை. "என் புள்ளைங்களை நினைச்சுப் பாரு தங்கச்சி" என்று அழுதுவிட்டுப் போனாள். அடுத்து மேனேஜரின் ஆள் வந்து, ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருப்பதாக இனிக்க இனிக்கச் சொன்னான். கடைசியில் என் அண்ணன். ஆஸ்பத்திரித் துணி வண்டிக்கு அவன்தான் டிரைவர். "என் வண்டிச் சாவி அந்த சூப்பர்வைசர் கையிலதான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, நீயே யோசி" என்றான். ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்வதில் என் அண்ணன் பெரிய ஆள்.

நான் அடுப்படிக்குப் போனபோது அண்ணி கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் மாத்திச் சொல்லிடுவேன் போல இருக்கு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த விளக்குக்காரி மாதிரியா?"

"அவளைத் திட்டாத. நடுவுல ஒரு அத்தியாயம் இருக்கு. அது உங்க யாருக்கும் கேக்கல."

"அப்படி என்ன இருக்கு அதுல? காசுதானே?"

"காசும் இல்ல, அடியும் இல்ல. ரெண்டாவது நாள் காலையில அவளைக் கோர்ட்டுல ஒரு ரூம்ல பெஞ்சுல உக்கார வெக்கிறாங்க. முதலாளியம்மா வந்து போர்வை குடுக்கிறா. ஊர்ப் பெரியவர் வந்து நல்லவிதமா பேசுறாரு. பெத்த அம்மா வந்து மடியில விழுந்து அழுறா. எல்லாரும் அன்பாத்தான் பேசுறாங்க. முதல் நாள் கை தட்டினவங்க மட்டும் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அவ கதவையே பாத்துக்கிட்டு இருக்கா. மத்தியானம் வரைக்கும் பாக்கறா."

அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாரும் அவளை பலம் இல்லாதவன்னு சொல்றோம். அந்தக் கூண்டுல ஏறினது அவ ஒருத்திதானே? பலசாலிங்க எவ்வளவோ பேரு இருந்தாங்க, ஒருத்தர் ஏறலையே. அவ பயத்துல விழலை. தனியா இருந்து விழுந்தா."

முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த என் கையை நானே பார்த்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குச் செருப்பைத் தேடத்தான் தோன்றும். உடனே கிளம்பி வீடு வீடாக ஏறி இறங்கினேன். தலையணை உறைக்காரி, "நான் வந்தா மடிக்கிறது யாரு?" என்றாள். "முறை போட்டு வாடி. வார்டுல நோயாளி விரிப்பில்லாம கெடக்கக் கூடாது, இவளும் பெஞ்சுல தனியா இருக்கக் கூடாது" என்றேன்.

மறுநாள் அப்படியே நடந்தது. விசாரணை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அண்ணியின் இரண்டு பக்கமும் ஆள். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். மேனேஜரின் ஆள் சிரித்துக்கொண்டே வந்தான். "வாங்க சார், எங்களுக்கும் ஆபீஸ் வேலை உண்டா?" என்று நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். வந்த வழியே போய்விட்டான்.

உள்ளே கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் தன் பழைய பாட்டையே பாடினார்: கதை, கவனம், தப்பு. அண்ணி எழுந்தாள்.

"உருளை ஓடும்போது நான் படிக்கிறது யாருக்கும் கேக்காதுங்கம்மா. வேணும்னா அன்னைக்குப் படிச்ச அத்தியாயத்துல விளக்குக்காரி என்ன ஆனான்னு இவங்களை ஒவ்வொருத்தரா கேட்டுப் பாருங்க."

அதிகாரி அம்மாவுக்கு இது பிடித்திருந்தது. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். நான் அவளுக்கு நாடு கடத்தும் தண்டனை வாங்கிக் கொடுத்தேன். தலையணை உறைக்காரி முதலாளி மகனுக்கே கட்டி வைத்துவிட்டாள். ஒருத்தி ரயிலில் ஏற்றிவிட்டாள். ஒருத்தி இரட்டைக் குழந்தை பிறந்ததாகச் சத்தியம் செய்தாள். கையில் கட்டோடு வந்திருந்த புதுசு மட்டும், "நான் மிஷின்கிட்ட நின்னேம்மா, எனக்கு எந்தக் கதையும் தெரியாது" என்றாள்.

அதிகாரி அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அண்ணியிடம், "நிஜமா என்னதான் ஆச்சு அவளுக்கு?" என்று கேட்டார்.

"அவளுக்கு அப்புறம் யாரும் வேலை குடுக்கலம்மா. அவ பொய் சொல்லிக் காப்பாத்தின முதலாளி வீடும் குடுக்கல. மழைக்காலத்துல ஒரு மண்டபத்து ஓரத்துல செத்துக் கிடந்தா. அதைத்தான் நான் படிச்சுக்கிட்டு இருந்தேன், இவ கை உள்ள போனப்போ."

எங்கள் எல்லோருக்கும் அது அப்போதுதான் தெரியும். இரட்டைக் குழந்தைக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

அதிகாரி அம்மா பேனாவை எடுத்தார். "நேத்து சொன்னதுல ஏதாவது மாத்தணுமா?"

அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். நாங்கள் அடைத்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பின்னால், வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்து, என் அண்ணன் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்த ஒண்ணும் இல்ல. கம்பியைக் கட்டினது இவருதான். நான் பார்த்தேன்."

பூனையின் குரல் அது. தாழ்வாரத்தின் கடைசியில் நின்றவளுக்கும் கேட்டது.

புதுசின் வைத்தியச் செலவும், கை ஆறும்வரை சம்பளமும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு என்று உத்தரவானது. சூப்பர்வைசர் வேறு இடத்துக்கு மாற்றப்படவில்லை, வீட்டுக்கே அனுப்பப்பட்டார். அண்ணன் வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறான். உருளை ஓடும்போது படிக்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. எங்களுக்கு அதில் ஏக சந்தோஷம்.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்தது. அன்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் நாங்கள் கத்தினோம். நர்சு ஓடி வந்து உதட்டில் விரல் வைத்தாள். என் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு நின்றான். அண்ணி எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பெஞ்சிலும் கதவிலும் ஜன்னலிலும் சலவைக்கூடம் மொத்தமும் இருந்தது.

"எல்லாரும் இங்க வந்துட்டா அங்க துணியை யாருடி மடிக்கிறது?" என்றாள்.

அவள் யாரையும் டி போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.